நிரல், நிரலாக்கம், நிரலர்

‘நான் முதன்முதலில் ______ எழுதத் தொடங்கியது இப்படித்தான்’ என்று ஒருவர் தன் கதையைத் தமிழில் சொல்ல உட்காருகிறார். கோடிட்ட இடத்தில் எதை வைப்பது? பேச்சில் சிக்கலே இல்லை. ‘புரோகிராம் போடக் கத்துக்கிட்டேன்’ என்பார், இல்லாவிட்டால் ‘கோடிங் படிச்சேன்’ என்பார். அந்தப் ‘போடு’ அழகான சொல். கணக்குப் போடு, கோலம் போடு என்ற வரிசையில் புரோகிராமும் சேர்ந்துகொண்டது. எழுத்துக்கு வரும்போதுதான் கை தயங்குகிறது. நிரல், செய்நிரல், ஆணைத்தொடர், கட்டளைத்தொடர், குறிமுறை என்று பல சொற்கள் முன்னால் வந்து நிற்கின்றன.

புரோகிராம் என்பதன் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. ‘ப்ரோ’ என்றால் முன், ‘கிராஃபெய்ன்’ என்றால் எழுதுதல். எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்கும் பொது அறிவிப்புக்கு ‘ப்ரோகிராம்மா’ என்று பெயர். இலத்தீன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலத்துக்கு வந்த பிறகு, மேடையில் எது முதலில், எது அடுத்து என்று பார்வையாளர் கையில் கொடுக்கும் தாளுக்குப் பெயரானது. அதிலிருந்து திட்டத்துக்கும், பின்னாளில் வானொலி நிகழ்ச்சிக்கும் பரவியது. கணினியைக் கட்டியவர்கள் இதை எடுத்துக்கொண்டது 1940களில்தான். அதாவது, நடக்கப்போவதை முன்கூட்டியே வரிசையாக எழுதி வைப்பது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருந்தது. இயந்திரம் வந்து அதில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவே.

உட்கார்ந்த விதம்தான் வேடிக்கை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டப்பட்டு 1946 பிப்ரவரியில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் ‘மாஸ்டர் புரோகிராமர்’ என்று ஒரு பகுதி இருந்தது. அது ஆள் அல்ல, இயந்திரத்தின் ஓர் உறுப்பு. மற்ற உறுப்புகள் எந்த வரிசையில், எத்தனை முறை இயங்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை. அதே காலத்தில் ‘கம்ப்யூட்டர்’ என்பது ஒரு பணியின் பெயர். பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று மேசையில் உட்கார்ந்து கணக்கிட்ட பெண்களை அப்படித்தான் அழைத்தார்கள். ஆக, அந்தக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் என்றால் மனிதர், புரோகிராமர் என்றால் இயந்திரம். சில ஆண்டுகளுக்குள் இரண்டு சொற்களும் இடம் மாறிக்கொண்டன.

அந்தக் கணக்கர்களிலிருந்துதான் 1945இல் ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்து எனியாக்கை இயக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். கற்றுக்கொள்ளப் பாடநூல் கிடையாது, நிரல்மொழி என்ற ஒன்றும் கிடையாது. இயந்திரத்தின் வரைபடங்களைக் கையில் கொடுத்தார்கள். அவற்றைப் படித்துப் படித்தே வழி கண்டுபிடித்தார்கள். அங்கே நிரல் ‘எழுத’ ஏதுமில்லை. 17,000க்கும் மேற்பட்ட வெற்றிடக் குழல்கள் கொண்ட அந்தப் பெட்டிகளுக்கு இடையே கம்பிகளை மாற்றிச் செருக வேண்டும், திருகு விசைகளைத் திருப்பி வைக்க வேண்டும். புதிய கணக்கு வந்தால் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தத் துறைக்குள் முதலில் வந்தவர்கள் யாரும் ‘புரோகிராமர் ஆக வேண்டும்’ என்று வந்தவர்கள் அல்லர். ஆவதற்கு அப்படி ஒரு வேலையே இருக்கவில்லை.

பத்தாண்டு கழிந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. நெதர்லாந்தின் கணினி அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1957இல் திருமணம் செய்துகொண்டபோது, தொழில் என்ற இடத்தில் புரோகிராமர் என்று சொன்னார். அப்படி ஒரு தொழில் இல்லை என்று ஆம்ஸ்டர்டாம் நகர அலுவலர்கள் மறுத்துவிட்டார்கள். பதிவேட்டில் ‘கோட்பாட்டு இயற்பியலாளர்’ என்றுதான் ஏறியது. 1972இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது பெற்று ஆற்றிய உரையில் இதை அவரே சொல்லிச் சிரிக்கிறார்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். நிரல் என்றால் ஒழுங்கு, வரிசை. கணினிக்காக யாரும் புதிதாகச் செய்த சொல் அல்ல இது. கூட்டத்தில் எதை எப்போது பேசுவது என்று குறிக்கும் தாளை ‘நிகழ்ச்சி நிரல்’ என்கிறோமே, அதே நிரல். இன்னும் பின்னால் போனால் இலக்கணத்தில் இருக்கிறது. பாடலுக்குப் பொருள் கொள்ளும் முறைகளில் ஒன்றாகத் தொல்காப்பியம் சொல்லும் நிரல்நிறையை, நன்னூலும் தன் எட்டுப் பொருள்கோள்களில் ஒன்றாக வைக்கிறது. அணியிலக்கணத்தில் அது நிரல்நிறை அணி. பள்ளியில் படித்த குறள்தான் எடுத்துக்காட்டு:

அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை
பண்பும் பயனும் அது.

அன்பு இருந்தால் அது இல்வாழ்க்கையின் பண்பு, அறன் இருந்தால் அது பயன். எது எதோடு சேரும் என்று சொல்லும் சொல் எதுவும் குறளில் இல்லை. முதலில் வந்தது முதலோடு, இரண்டாவது இரண்டாவதோடு. இடம்தான் பொருளைத் தருகிறது. இரண்டாம் அடியில் ‘பயனும் பண்பும்’ என்று மாற்றிப் போட்டால் அதே சொற்கள்தான், பொருள் வேறு.

நிரல் எழுதப் பழகும் எவரும் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். இரண்டு மாறிகளின், அதாவது மதிப்பை வைத்திருக்கும் இரண்டு பெயர்களின், மதிப்பை இடம் மாற்றுவது என்பது எல்லோரும் செய்து பார்க்கும் பயிற்சி. புதியவர் இப்படி எழுதுவார்:

அ = 5
ஆ = 8
அ = ஆ
ஆ = அ

பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஓட்டினால் இரண்டிலும் 8. மூன்றாவது வரி நடந்து முடிந்தபோதே 5 அழிந்துவிட்டது. நான்காவது வரி எடுத்துக் கொடுப்பது புதிய 8ஐத்தான். மூன்றாவது வரிக்கு முன்னால் ‘இ = அ’ என்று ஒன்றைச் சேர்த்து, கடைசி வரியை ‘ஆ = இ’ என்று திருத்தினால் வேலை முடிந்தது. அந்தப் புது வரியை ஓர் இடம் தள்ளி, மூன்றாவது வரிக்குப் பின்னால் வைத்தால் மறுபடி இரண்டிலும் 8. கணிதத்தில் சமக்குறி என்பது உண்மை, இங்கே அது ஒரு நிகழ்வு என்பது உறைக்கும் கணம் அது. அந்தக் கணத்துக்கு நிரல் என்ற சொல் பொருந்துகிற அளவுக்குப் புரோகிராம் பொருந்துவதில்லை என்பது என் எண்ணம்.

1980களில் வீட்டுக் கணினி வழியாக வந்த தலைமுறைக்கு நிரல் கண்ணுக்கே தெரிந்த ஒன்று. 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேராசிரியர்கள் கெமெனியும் குர்ட்ஸும் மாணவர்களுக்காக உருவாக்கிய பேசிக் மொழியில் ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. கமடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் போன்ற வீட்டுக் கணினிகளைப் போட்டதுமே அந்த மொழிதான் காத்திருந்தது. வரிகளுக்கு 1, 2, 3 என்று எண் இட மாட்டார்கள், 10, 20, 30 என்றுதான் இடுவார்கள். மறந்துபோன வரியை நாளைக்கு 15 என்று இடையில் செருகலாம் அல்லவா? 10ஆம் வரியில் பெயரை அச்சிடு, 20ஆம் வரியில் 10க்குத் திரும்பிப் போ: இந்த இரண்டே வரியில் திரை முழுக்கத் தன் பெயர் ஓடுவதைப் பார்த்து இந்தப் பக்கம் வந்தவர்கள் ஏராளம். இதழ்களில் பக்கம் பக்கமாக அச்சான நிரலை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து, ஓர் எழுத்துப் பிழையால் ஓடாமல், வரி வரியாகத் தேடித் திருத்தி, பிறகு ஓர் எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்று துணிந்தவர்கள் அதைவிட ஏராளம்.

நிரல் என்ற சொல்லுக்கு மறுப்பும் உண்டு, அது நியாயமானதும்கூட. நிரல் வெறும் வரிசை. நிகழ்ச்சி நிரல் தானாக எதையும் செய்யாது. கணினி நிரலோ செய்யும். இலங்கையில் ‘செய்நிரல்’ என்கிறார்கள். செய்தொழில் போல அது வினைத்தொகை: செய்த, செய்கிற, செய்யும் நிரல். துல்லியம் என்று பார்த்தால் எனக்கு அதுவே ஒரு படி மேல். தமிழ்நாட்டில் நிலைத்தது சுருக்கமான நிரல். ஆணைத்தொடரும் கட்டளைத்தொடரும் நீளத்தாலேயே பின்தங்கிவிட்டன. ‘கட்டளைத்தொடராளர்’ என்று ஒருவரை எத்தனை முறை அழைக்க முடியும்?

இன்னொரு மறுப்பு: நிரல் நேராக ஓடுவதில்லையே, திரும்பித் திரும்பி வருகிறதே? அதற்குத்தான் மடக்கு. பாடநூல்கள் ‘லூப்’ என்பதை மடக்கு என்கின்றன. அதுவும் அணியிலக்கணச் சொல்: வந்த சொல்லே மறுபடி வந்து வேறு பொருள் தந்தால் மடக்கணி. கணினி மடக்கிலும் அதே வரிதான் திரும்ப வருகிறது, உள்ளே இருக்கும் மதிப்பு ஒவ்வொரு சுற்றிலும் வேறு. மதிப்புகளை வரிசையாக அடுக்கி வைக்கும் ‘அர்ரே’ என்பதற்கும் அணி என்றே பெயர். செய்யுள் இலக்கணத்தின் மூன்று சொற்கள் கணினிப் பாடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. திட்டமிட்டு வைத்தார்களோ, தற்செயலோ, பொருத்தம் என்னவோ கச்சிதம்.

கோடிங் தனிக்கதை. ‘கோட்’ என்பதன் மூலம் இலத்தீனில் மரத்தண்டு; பிறகு மரப்பலகை, ஏடு, சட்டத்தொகுப்பு என்று வளர்ந்தது. 1940களின் இறுதியில் கணித அறிஞர்கள் கோல்ட்ஸ்டைனும் வான் நியூமனும் கணினி பற்றி எழுதிய அறிக்கைகளின் தலைப்பிலேயே திட்டமிடுதல் ஒன்று, கோடிங் வேறொன்று. கோடிங் அப்போது எழுத்தர் வேலை மாதிரி. இப்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன, பேச்சில் கோடிங்தான் முந்துகிறது. எழுதிய வரிகளைச் சுட்டக் குறிமுறை நல்ல சொல். வேலை முழுவதையும் அதில் அடைக்க வேண்டாம்.

புழக்கத்தில் சில எச்சரிக்கைகள். ஆங்கிலத்தில் புரோகிராம் என்று கண்ட இடமெல்லாம் நிரல் ஆகாது: வானொலியில் அது நிகழ்ச்சி, அரசில் திட்டம். கணிதத்தில் ‘லீனியர் புரோகிராமிங்’ என்பதற்கும் கணினி நிரலுக்கும் பிறப்பிலேயே தொடர்பில்லை. அங்கே சொல்லின் பொருள் திட்டமிடல்தான், தமிழ்ப் பாடநூல்களும் அப்படியே எழுதுகின்றன. அணிக்கோவைப் பாடத்தில் நிரை கிடைவரிசை, நிரல் செங்குத்து வரிசை. அந்த நிரலை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நிரலில் இடையின ர. நிரல்நிறையின் ‘நிறை’யில் வல்லின ற. எழுதுவோர் இரண்டையும் அடிக்கடி மாற்றிவிடுகிறார்கள்.

துறைக்குப் பெயர் நிரலாக்கம். ஆள் நிரலர், நிரலாளர் என்றாலும் சரி. வினைக்கு மட்டும் ‘நிரலாக்கம் செய்தேன்’ என்று நீட்ட வேண்டியதில்லை. ‘நிரலாக்கத்திற்குள் நுழைந்தேன்’ என்றால் ஏதோ கட்டடத்துக்குள் போனது போல இருக்கிறது. மேலே கோடிட்ட இடத்தில் ‘நிரல்’ என்று வைத்தால் போதும்: நான் முதன்முதலில் நிரல் எழுதத் தொடங்கியது இப்படித்தான். கிரேக்கச் சொல்லின் வேரிலிருந்த ‘எழுதுதல்’ அந்த வினையில் தானாகவே வந்துவிடுகிறது. பேச்சில் ‘புரோகிராம் போட்டேன்’ இருக்கட்டும், ‘போடு’ நம்முடையதுதானே.