முடிச்சு போட்ட கறுப்புக் கவரைப் பிரிக்கும் கைகள்

போகி முடிந்த மறுவாரம் என் கிளினிக்கில் கையில் துணி சுற்றிக்கொண்டு வருகிறவர்கள் அதிகமாகிவிடுவார்கள். 16 வருடமாக இதைப் பார்க்கிறேன். சென்னை முழுக்க வீட்டைக் கழுவிப் பழையதை வெளியே போடுகிறது. நாலைந்து நாளில் அது லாரியேறிக் கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு வருகிறது. அதைக் கிளறிப் பார்த்த கைகள், பக்கத்துத் தெருவில் இருக்கும் என்னிடம் வருகின்றன. கண்ணாடி கிழித்தது, தகரம் அறுத்தது, செருப்பைத் துளைத்து ஆணி ஏறியது, ஊசி குத்தியது. நான் பொது மருத்துவர். இந்தக் காயங்களில் பாதிக்கு மேல், யாரோ வீட்டில் அரை நிமிடம் கூடுதலாகச் செலவழித்திருந்தால் வந்தே இருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜனவரியில் ஓர் அம்மா வந்தார். 60 வயது இருக்கும். 25 வருடமாக மேட்டில் பொறுக்குகிறார். இடது கைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதை வீங்கியிருந்தது.

"கவரைப் பிரிச்சேன் டாக்டரம்மா, சுருக்குனு ஏறிடுச்சு. ஊசி."

"எப்போம்மா?"

"முந்தாநாள் காலைல. காப்பித்தூள் வச்சு அழுத்திட்டேன், ரத்தம் நின்னுடுச்சு. கை கனமா இருக்குன்னுதான் வந்தேன்."

கவரை எப்படிப் பிரிப்பீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். என் மேஜையில் இருந்த பஞ்சுப் பொட்டலத்தை எடுத்தார். அடியில் கை கொடுத்துத் தூக்கிக் கனம் பார்த்தார். காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். பிறகு இரண்டு பக்கமும் விரலால் மெல்ல அமுக்கிக்கொண்டே வந்தார். பால் கவர் என்றால் ஒரு மாதிரி இருக்குமாம், பெட் பாட்டில் என்றால் வேறு மாதிரி, அலுமினியம் என்றால் விரலில் தெரிந்துவிடுமாம். இடுப்புப் பையில் ஒரு பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், கயிறு கட்டி. எதன் மேலும் ஒரு தடவை வைப்பார். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அதைவிட நல்ல விலை. ஒரு பொருள் என்னவென்று அவருக்குத் தெரிய மூன்று நொடி போதும்.

அதுவரை இப்படி வருகிற எல்லோரிடமும் "கையுறை போட்டுக்கங்க" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது, அவர்கள் ஏன் போடுவதில்லை என்று. விரல்தான் அவர்களுக்குக் கண். தடிமனான கையுறை போட்டால் பொருள் தெரியாது, வேலை பாதியாகக் குறையும். மெல்லிய ரப்பர் கையுறையோ ஊசியைத் தடுக்காது. ஊசி ஏறுவது அமுக்கிப் பார்க்கும் அந்த நொடியில்தான். அதனால் இப்போது வேறு மாதிரி சொல்கிறேன்: கனம் பாருங்கள், குலுக்கிப் பாருங்கள், ஆனால் அமுக்காதீர்கள். கவரைத் தரையில் வைத்துக் கொக்கிக் கம்பியால் கிழித்து, உதறிப் பரப்பி, கண்ணால் பார்த்த பிறகு கையை வையுங்கள். கையுறையும் போட முடிந்தால் நல்லது. காலுக்கு மட்டும் தடித்த அடியுள்ள ஷூ கட்டாயம். அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பொறுக்குவதே தப்பு, போகவே போகாதீர்கள் என்று நான் சொல்வதில்லை. 340 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிற அந்த இடத்தில், மக்காத ஒரு பொருளைத் திரும்ப உலகத்துக்குக் கொண்டுவருகிற வேலையைப் பல வருடமாகச் செய்துவருபவர்கள் இவர்கள். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே குப்பை பொறுக்குபவர்களைத் தனியாக வரையறுத்து, அவர்களை உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் ஏற்பாட்டோடு இணைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டன. அவர்கள் மட்டுமல்ல, மேட்டில் கிடைத்த மிக்ஸியைச் சரிபண்ணி ஓட்டுகிறவர்கள், நாற்காலியைத் தூக்கி வந்து பின்னிக்கொள்கிறவர்கள் என் நோயாளிகளில் நிறையப் பேர். அது நல்ல விஷயம். எதை எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று தெரிந்திருந்தால் போதும்.

ஊசி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உபயோகித்த ஊசி குத்தினால் உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். எல்லோரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்கு. மருத்துவமனைக்குள் எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினாலே ஆயிரத்தில் சுமார் 3 பேருக்குத்தான் தொற்றுகிறது. வெயிலில் காய்ந்து கிடந்த ஊசி என்றால் அதைவிடவும் குறைவு. ஆனாலும் தடுப்பு மாத்திரை வேண்டுமா இல்லையா என்று முடிவெடுக்க 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு பலன். நான் அதிகம் பயப்படுவது ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கு. உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட அது 7 நாள் உயிரோடு இருக்கும். கல்லீரலைத் தாக்குகிற கிருமி அது. தடுப்பூசி இருக்கிறது. முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது, அவ்வளவுதான்.

அந்த அம்மாவுக்கு 72 மணி நேரத்தில் ஓர் இரவுதான் மிச்சம் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றால், "நாளைக்குப் போறேன், இன்னைக்கு மூட்டை போடணும்" என்கிறார். அன்றைக்கு மூட்டையை எடைக்குப் போட்டால்தான் அடுப்பு எரியும். மருமகனுக்கு போன் செய்து வரவழைத்து, சீட்டில் குத்திய நேரத்தைப் பெரிதாக எழுதி அனுப்பினேன். நல்லவேளை, போனார். முதல் தடுப்பூசியும் அன்றைக்கே போட்டார்கள்.

அவர் அந்தக் கவரைப் பற்றி இன்னொன்றும் சொன்னார். உள்ளே பத்துப் பன்னிரண்டு ஊசி, குளுக்கோஸ் ஏற்றும் டியூப், ரத்தம் பட்ட பஞ்சு. அது வீட்டுக் குப்பை இல்லை. ஏதோ ஒரு கிளினிக் சாதாரணக் குப்பையோடு கலந்து போட்டிருக்கிறது. 2016-இன் மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசியும் பிளேடும் குத்திக் கிழியாத வெள்ளைப் பெட்டிக்குள் போய், அதற்கென்று உள்ள வண்டியில்தான் ஏற வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு, கணக்கு எழுத வேண்டும். அந்தச் சின்னச் செலவை மிச்சம் பிடித்தவர் என் தொழிலில் இருக்கிற ஒருவர் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சக மருத்துவர்களே, உங்கள் கிளினிக்கில் அந்த வெள்ளைப் பெட்டி கடைசியில் எந்த வண்டியில் ஏறுகிறது என்று ஒரு நாள் வாசலில் நின்று நீங்களே பாருங்கள். மருத்துவமனை ஊழியர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி ஊசி போடுகிறோம். அதே ஊசிகளைக் கையுறையில்லாமல் தொடுகிற இவர்கள் கைக்காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். இது மாற வேண்டும்.

அடுத்தது ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். துருப்பிடித்த இரும்பு குத்தினால் மட்டும்தான் வரும் என்று நினைக்கிறார்கள். துருவில் ஒன்றும் இல்லை. கிருமியின் விதைகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன. மண் படிந்த முள் குத்தினாலும் வரும், பிளாஸ்டிக் கிழித்தாலும் வரும். ஒவ்வொரு கீறலுக்கும் ஓடிவந்து ஊசி கேட்கிறவர்களும் உண்டு. முழுதாகப் போட்டு முடித்தவருக்கு 10 வருடத்துக்கு ஒன்று போதும், அழுக்கான காயம் என்றால் 5 வருடம் தாண்டியிருந்தால் ஒன்று. எனக்குக் கவலை தருபவர்கள் வயதான ஆண்கள். பெண்களுக்குக் கர்ப்ப காலத்திலாவது இந்த ஊசி போட்டிருப்பார்கள். இவர்கள் சிறுவயதிலும் போட்டதில்லை, பிறகும் போட்டதில்லை. இவர்களுக்கு ஒரு ஊசி போதாது, மூன்று தவணை வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர் இதில் சேர்த்தி என்றால் காயம் படும்வரை காத்திருக்காமல் கூட்டிப் போங்கள்.

சரி, தொடாமல் விட வேண்டியவை. பேட்டரியை உடைப்பது முதலாவது. பைக், யு.பி.எஸ். பேட்டரிகளை உடைத்து ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றி, உள்ளே இருக்கும் ஈயத்தகட்டைத் தனியாக விற்றால் நாலு காசு கூடக் கிடைக்கிறது. அந்த ஈயத்தூள் புடவையில், லுங்கியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. தரையில் தவழ்கிற குழந்தையின் வாய்க்குப் போகிறது. ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே குழந்தைகளுக்குக் கிடையாது. மூளை வளர்ச்சியைப் பிடிக்கும், திரும்ப வராது. செனகல் நாட்டில் டக்காருக்குப் பக்கத்தில் தியாரோய் என்ற ஊரில் இப்படிப் பேட்டரி உடைத்த இடத்தில் 2007 கடைசியிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். பேட்டரி கிடைத்தால் உடைக்காமல் முழுசாகவே கடையில் போடுங்கள். முழு பேட்டரிக்கும் விலை உண்டு.

ஒயரை எரித்துக் காப்பர் எடுப்பதும் அப்படித்தான். அந்தப் பிளாஸ்டிக் எரிகிற புகையில் ஆசிட் ஆவியும் டயாக்சின் என்ற நஞ்சும் இருக்கின்றன. என்னிடம் இருமலோடு வருகிற பையன்களில் சிலரின் சட்டையிலேயே அந்த வாசனை இருக்கும். அவர்களிடம் உடம்பைப் பற்றிப் பேசினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது விலையைப் பற்றிப் பேசுகிறேன். எரித்த காப்பர் கறுத்துப் போகிறது, கடைக்காரர் தரம் குறைத்துத்தான் எடுப்பார். கத்தியால் சீவி எடுத்த பளபளப்பான கம்பிக்கு விலை அதிகம். இதைச் சொன்னால் கேட்கிறார்கள்.

போன வருடம் ஒரு பாட்டி, பேரன் பிஸ்கட் டப்பா மூடியில் ஏதோ உருட்டி விளையாடுகிறான், வெள்ளித் தண்ணி மாதிரி இருக்கிறது என்று அந்த மூடியையே என் மேஜைக்குக் கொண்டுவந்தார். பாதரசம். பழைய பி.பி. கருவியிலிருந்து வந்தது. ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து, கெட்டி அட்டையால் ஒன்று சேர்த்து, ஒரு பாட்டிலில் மூடினேன். தொட்டால் பெரிய ஆபத்தில்லை. மூடிய அறையில் அது ஆவியாகி மூச்சில் போவதுதான் ஆபத்து. வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், இன்னும் சிதறும்.

நீல டிரம் ஒன்று மலிவாகக் கிடைத்தது, கழுவித் தண்ணீர் பிடிக்கிறோம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்பு அதில் என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் குடிக்கிற தண்ணீருக்கு வேண்டாம். எத்தனை தடவை கழுவினாலும் பிளாஸ்டிக் உறிஞ்சியது முழுசாகப் போகாது. பூச்சிமருந்து டப்பாவில் சதுரத்துக்குள் கலர் முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசையாகக் குறையும். பச்சை என்பதால் எண்ணெய் ஊற்றிவைக்கலாம் என்று அர்த்தமில்லை.

அப்புறம், அளவுக்கு மீறிக் கனமாக, வெல்டிங் வைத்து மூடிய உலோக உருளை எதையாவது பார்த்தால், அதிலும் மூன்று இதழ் விசிறி போன்ற சின்னம் இருந்தால், விலகிப்போய்ப் போலீசுக்குச் சொல்லுங்கள். 2010-இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அப்படி ஒரு கருவியைப் பிரித்தார்கள். உள்ளே கோபால்ட்-60 என்ற கதிர்வீச்சுப் பொருள். ஒருவர் இறந்தார், பலர் படுக்கையில் விழுந்தார்கள்.

இனி வீட்டில் இருப்பவர்களுக்கு. உடைந்த கண்ணாடி, டியூப்லைட், பிளேடு எதுவானாலும் தடிமனாக நியூஸ்பேப்பரில் சுற்றி, அட்டைப் பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டி, மேலே "கண்ணாடி" என்று எழுதுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் தினமும் ஊசி சேர்கிறது. அதைக் கவரில் போடவே கூடாது. பினாயில் பாட்டில் மாதிரி கெட்டியான பாட்டிலில் போட்டு, முக்கால்வாசி நிறைந்ததும் மூடி இறுக்கி டேப் சுற்றி, தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுங்கள். நாப்கினையும் டயாப்பரையும் பேப்பரில் சுற்றித் தனியாக. பழைய ஃபிரிட்ஜைப் போடுவதாக இருந்தால் கதவைக் கழற்றிவிட்டுப் போடுங்கள், குழந்தை உள்ளே புகுந்து மாட்டிக்கொள்ளும். இன்னொருவருக்கு உதவும் பொருளை எச்சிலோடும் ஈரத்தோடும் சேர்த்துக் கட்டாமல் தனிப் பையில், முடிச்சு இறுக்காமல் வையுங்கள். அமுக்கிப் பார்க்காமலே உள்ளே என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த அம்மா ஜூலையில் மூன்றாவது ஊசிக்கு வந்தார். ரத்தப் பரிசோதனை எல்லாம் சுத்தம். கையில் ஒரு பழைய ஷாம்பு பாட்டில் வைத்திருந்தார், டேப் சுற்றியது. மேலே ஸ்கெட்ச் பேனாவில் குழந்தை எழுத்தில் "ஊசி, திறக்காதீங்க" என்று இருந்தது. மேட்டில் கிடந்ததாம். எங்கே போடுவது என்று கேட்கக் கொண்டுவந்திருக்கிறார். வாங்கி எங்கள் வெள்ளைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.