ஒளிப்படமா, புகைப்படமா?

யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'படம்' என்ற ஒரு சொல்லே போதுமானது. எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. என்னிடமுள்ள பழைய கலியாண அல்பத்தின் மட்டையில் 'புகைப்படம்' என்றும், படங்களின் பின்புறத்து முத்திரையில் 'நிழற்படப்பிடிப்பாளர்' என்றும் இருக்கிறது.

'போட்டோகிராபி' என்பது ஒளியையும் எழுதுதலையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு. ஆங்கில விஞ்ஞானி ஜோன் ஹெர்ஷல் 1839இல் லண்டன் ரோயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் அச்சொல்லை வழங்கினார். அதில் புகை எங்கும் இல்லை. மக்னீசியத் தூளைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கியபோது எழுந்த புகையே தமிழ்ப் பெயருக்குக் காரணம் என்று சொல்வார்கள். ஆனால் அந்தத் தூள் 1887இல்தான் வந்தது. அதற்கு 32 ஆண்டுகள் முன்பே, 1855இல், ஆங்கிலப் படப்பிடிப்பாளர் ரோஜர் ஃபென்ரன் கிரிமியப் போர்க்களத்தில் பகல் வெளிச்சத்தை மட்டும் நம்பிக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தார். ஒரே பள்ளத்தாக்கை அவர் இருமுறை எடுத்தார்: ஒன்றில் பாதை வெறுமையாகவும், மற்றதில் பீரங்கிக் குண்டுகள் சிதறியும் கிடக்கின்றன. சரிவிலிருந்த சிறு கற்கள் இடம்பெயர்ந்திருப்பதைக் கொண்டு வெறும் பாதையே முந்தியது என்று பின்னாளில் காட்டப்பட்டாலும், குண்டுகளைப் பாதையில் பரப்பியது யார் என்ற விவாதம் ஓயவில்லை.

உண்மையில் 'புகைப்படம்' என்ற பெயர் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துவது வேறொரு போர்க்காலப் படத்துக்குத்தான். 1945 மே 2ஆம் திகதி பெர்லினில் ஜேர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்ராக் கட்டடத்தின் உச்சியில் சோவியத் கொடி ஏற்றப்படுவதை சோவியத் போர்ப் படப்பிடிப்பாளர் யெவ்கெனி கல்தேய் எடுத்தார். கொடியையும் அவரே கொண்டுபோயிருந்தார். கொடி பிடித்தவரைத் தாங்கி நின்ற வீரரின் இரு கைகளிலும் கடிகாரம் தெரிந்ததால், கொள்ளையடித்தது என்று எவரும் எண்ணாதபடி ஒன்றைச் சுரண்டி நீக்கினார். பின்னர் வானத்தில் கரும்புகையையும் சேர்த்தார்.

ஆகவே பொதுப்பெயராக 'ஒளிப்படம்' என்பதே தகும். ஒளியால் ஆன படம் என்று விரியும் இத்தொகைச்சொல், மூலச்சொல்லின் பொருளையும் ஏற்கிறது. ஒளிப்படக்கருவி, ஒளிப்படக்கலைஞர், போர் ஒளிப்படம் என்று தடையின்றிக் கிளைக்கவும் செய்கிறது. நிழற்படமும் பிழையன்று, எனினும், உருவத்தின் கருநிழலை மட்டும் காட்டும் படத்துக்கு அதை ஒதுக்கிவைப்பது நல்லது. அடையாள அட்டைக்கு 'ஒளிப்படம்' வேண்டும் என்று ஸ்ரூடியோவில் கேட்டால் அங்குள்ள தம்பி சற்றே நிமிர்ந்து பார்ப்பார். 'படம்' என்றால் உடனே கதிரையைக் காட்டுவார்.