ஃப்ரெட்லெஸ்: கம்பி பிடுங்கிய பேஸுக்குத் தமிழில் என்ன பெயர்?

பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) வாசித்த அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸைப் பற்றித் தமிழில் நாலு வரி எழுத உட்கார்ந்தால் முதலில் இடறுகிற சொல் 'ஃப்ரெட்லெஸ்'. 'ஃப்ரெட்லெஸ் பேஸ் வாசித்தவர்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் அந்த மனிதரின் பெயர் இன்றும் நிற்பதற்குக் காரணமே அந்த 'லெஸ்'தான். அதை விளக்காமல் விட்டால் என்ன எழுதி என்ன பயன்?

ஆங்கிலத்தில் 'ஃப்ரெட்' என்று இரண்டு சொற்கள் உண்டு. மனம் புழுங்குவதைச் சொல்வது ஒன்று. பழைய ஆங்கிலத்தில் அதற்குத் 'தின்று தீர்ப்பது' என்று பொருள். விலங்கு தின்பதைச் சொல்லும் ஜெர்மன் 'ஃப்ரெஸ்ஸன்' அதற்குப் பங்காளி முறை. நாமும் 'கவலை ஆளைத் தின்கிறது' என்கிறோம் இல்லையா, அதே கதைதான். இன்னொன்று வாத்தியத்தில் வருவது. லூட் போன்ற பழைய ஐரோப்பிய நரம்புக் கருவிகளின் கழுத்தில் குறுக்கே சுற்றிக் கட்டிய நரம்புக்கு அந்தப் பெயர் இருந்தது. இந்த இரண்டாவது சொல்லின் வேர் பற்றி ஆய்வாளர்களிடம் ஒருமித்த முடிவு இல்லை. அகராதியில் முதல் பொருளை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால் 'கவலையற்ற பேஸ்' என்று ஆகிவிடும், ஜாக்கிரதை.

தமிழில் இதற்குப் புதிதாகச் சொல் தேட வேண்டியதே இல்லை. வீணைக்காரர்கள் காலங்காலமாக 'மெட்டு' என்றுதான் சொல்கிறார்கள். வீணைத் தண்டியின்மேல் மெழுகில் பதித்த 24 மெட்டுகள். கிட்டாரில் மெழுகு கிடையாது. மரத்தில் குறுக்கே காடி வெட்டி, மெல்லிய உலோகக் கம்பியை அதில் அடித்து இறக்கியிருப்பார்கள். வேலை இரண்டிலும் ஒன்றுதான். மெட்டுக்குச் சற்றுப் பின்னால் விரலை எங்கே அழுத்தினாலும் தந்தி மெட்டில் போய்ப் படியும். தந்தியின் நீளத்தை முடிவு செய்வது மெட்டு, விரல் இல்லை. விரல் கொஞ்சம் பிசகினாலும் சுரம் பிசகாது.

அதனால்தான் 1951இல் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் மெட்டு வைத்த மின் பேஸைக் கொண்டுவந்தபோது அதற்கு 'பிரிசிஷன்', அதாவது துல்லியம், என்று பெயரிட்டார். அதுவரை ஜாஸ் இசையில் பேஸ் என்றால் பெரும்பாலும் ஆள் உயரத்துக்கு நிற்கும், மெட்டில்லாத டபுள் பேஸ்தான். அதே 1951இன் டிசம்பர் 1ஆம் தேதி பென்சில்வேனியாவில் பிறந்தவர் ஜாக்கோ. வளர்ந்தது ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில். முதலில் டிரம்ஸ் வாசித்தார். பந்து விளையாட்டில் மணிக்கட்டு அடிபட்டதால் பேஸுக்கு வந்தார். ஃபெண்டர் பேஸின் துல்லியத்துக்கு ஆதாரமான மெட்டுக்கம்பிகளே இல்லாத பேஸில்தான் பிற்பாடு புகழ் பெற்றார்.

அவரது பேஸ் ஃபெண்டரின் 1962ஆம் ஆண்டு 'ஜாஸ் பேஸ்' மாதிரி. கம்பிகளைத் தானே கத்தியால் நெம்பி எடுத்தார் என்று ஒரு கதை. வாங்கும்போதே கம்பி இல்லை என்று இன்னொரு கதை. காடிகளை மரப்பசை போன்ற நிரப்பியால் அடைத்து, மேலே படகுக்குப் பூசும் எப்பாக்ஸி என்ற கெட்டிப் பூச்சைப் பல அடுக்குகளாகப் பூசினார். அவர் போட்ட உருண்டைக் கம்பி சுற்றிய சொரசொரப்பான தந்திகள் வெறும் மரத்தை அரத்தைப் போல அராவித் தின்றுவிடும் என்பதால் இந்தக் கவசம். (பாருங்கள், இங்கேயும் 'தின்பது' வந்துவிட்டது.) அந்த வழவழப்பான பரப்பில் தந்தி லேசாக உரசி அதிரும்போது 'ம்வா' என்று வாய் திறந்து பாடுகிற மாதிரி ஓர் ஒலி வரும். வாசிப்பவர்கள் அதை 'ம்வா' என்றே சொல்வார்கள். அதற்குத் தமிழ் தேட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மெட்டு இல்லை என்றதும் நம் காது உடனே கமகத்தை, வழுக்கலை எதிர்பார்க்கும். ஜாக்கோவிடம் அதுவும் உண்டு. ஆனால் அவர் அசரவைத்தது வேறிடத்தில். 1976இல் வந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு 'டோனா லீ'. சாக்ஸஃபோன்காரர்களுக்கே மூச்சு வாங்கவைக்கும், பெபாப் என்ற வேகமான ஜாஸ் பாணி உருப்படி அது. கூடவே டான் அலியாஸின் கோங்கா மேளம் மட்டும். அந்த ஓட்டத்தில் பெரும்பாலான சுரங்கள் வழுக்கி வந்து சேர்வதில்லை; மெட்டு இருப்பது போலவே வந்து விழுகின்றன. பேஸில் கழுத்தின் மேல் நுனியில் தந்தி தொடங்கும் இடத்திலிருந்து முதல் மெட்டுக்கான தூரம் ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மேலே போகப் போக இடைவெளி சுருங்கும். கம்பி இருந்த அதே கோட்டின்மேல் விரல் நுனி உட்கார வேண்டும். அந்த வேகத்தில். அதே ஆண்டு வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அந்தக் குழுவின் 'ஹெவி வெதர்' ஆல்பம் வந்தபிறகு மெட்டில்லாத பேஸ் விநோதப் பொருளாக இல்லாமல் ஒரு பாணியாகவே ஆகிவிட்டது. இத்தனைக்கும் முதல் ஆள் அவர் இல்லை. ஆம்பெக் நிறுவனம் 1966லேயே மெட்டில்லாத பேஸை விற்பனைக்கு விட்டது.

சரி, பெயருக்கு வருவோம். 'மெட்டில்லா பேஸ்' என்று எழுதினால் ஒரு சிக்கல். மெட்டு என்றால் இன்று பெரும்பாலோருக்குப் பாட்டின் மெட்டுதான். 'ராகமே இல்லாத பேஸ்' என்று படித்துவிடுவார்கள், ஜாக்கோவுக்கு இதைவிட அநியாயம் வேண்டாம். அதனால் 'மெட்டுக்கம்பி இல்லாத பேஸ்' என்பதே என் தேர்வு. 'பேஸ்' என்பதற்கு லத்தீன் வேரில் 'தாழ்ந்த' என்று பொருள். பழந்தமிழிசை கீழ் ஸ்தாயியை 'மெலிவு' என்றது. ஆனால் 'மெலிவுக் கிட்டார்' என்றால் நோஞ்சான் கிட்டார் போலத் தொனிக்கிறது. வேண்டுமானால் கீழ் ஸ்தாயிக்கு இருக்கும் இன்னொரு பெயரை வைத்து 'மந்தரக் கிட்டார்' எனலாம். பேச்சில் பேஸ் பேஸாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. வயலினை யாரும் மெட்டில்லாத வயலின் என்பதில்லை. இருக்க வேண்டியது இல்லாமல் போனால்தான் 'இல்லாத' என்ற அடைமொழி ஒட்டும். அந்த வகையில் ஜாக்கோவின் பேஸுக்கு 'கம்பி பிடுங்கிய பேஸ்' என்பதுதான் இன்னும் சரி.

ஜாக்கோ 1987இல் 35 வயதில் இறந்தார். அதற்கு முந்தின ஆண்டு நியூயார்க் பூங்கா ஒன்றில் களவுபோன அந்த பேஸ், பல ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டு, மெட்டாலிகா ராக் குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்து உதவ, 2010இல் குடும்பத்திடம் சேர்ந்தது. ஃபெண்டர் 1999இல் அவர் பெயரிலேயே ஒரு மாதிரியை வெளியிட்டது. அதன் கழுத்தில் கம்பி எப்போதுமே இருந்ததில்லை. ஆனாலும் கம்பியைப் பிடுங்கி அடைத்த தழும்பு போல வெள்ளைக் கோடுகளைத் தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்புகிறார்கள்.