அரிசி இட்லிக்கு, கேமராவுக்கு இல்லை

போன செவ்வாய்க்கிழமை கடையைத் திறந்த அரை மணி நேரத்தில் ஒரு தம்பி வந்தார். கையில் மஞ்சப்பை, பைக்குள் எவர்சில்வர் தூக்குவாளி, வாளி நிறைய அரிசி, அரிசிக்குள் கேமரா. நல்ல குண்டரிசி, அம்பை 16. எங்கள் வீட்டில் இட்லிக்கு ஊறப்போடுவதும் அதுதான், பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"மூணு நாளா அரிசிக்குள்ளயே வச்சிருந்தேன் அண்ணாச்சி. நல்லா காஞ்சிட்டு. ஆனா ஆன் ஆக மாட்டேங்கு" என்றார்.

திருச்செந்தூர் பக்கத்துக் கடற்கரை ஊரான மணப்பாட்டில் கல்யாண ஜோடியை வைத்துப் படம் எடுக்கப் போயிருக்கிறார். 1581இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம் குன்றின்மேல், கீழே பாறை, ஒரு பக்கம் மணல்திட்டு. அந்த இடத்தில் யார் நின்றாலும் இன்னும் இரண்டடி கீழே இறங்கி எடுக்கத்தான் தோன்றும். இவரும் இறங்கினார். முழங்கால் வரைக்கும் வந்துகொண்டிருந்த அலை, ஒன்றே ஒன்று இடுப்புக்கு மேலே வந்துவிட்டது.

இந்த மாதத்தில் இது ஐந்தாவது. பாளையங்கோட்டையில் பதினெட்டு வருஷமாகக் கேமரா சர்வீஸ் செய்கிறேன். அரிசி, அரிசி, அரிசி. ஒருத்தர் புழுங்கல் அரிசி நல்லதா, பச்சரிசி நல்லதா என்று போனில் கேட்கிறார். இன்னொருத்தர் கேமராவை மூட்டைக்குள்ளேயே இறக்கிவிட்டார். கோட்டி பிடிக்காத குறைதான்.

அந்தத் தம்பியின் கேமராவில் பேட்டரி மூடியைத் திறந்தேன். இரண்டு முனைகளில் ஒன்று கறுத்திருந்தது. இன்னொன்று பாதி கரைந்து, மீதியில் பச்சை பிடித்திருந்தது, தேய்க்காமல் விட்ட செப்புக்குடம் மாதிரி. அடித்தட்டைக் கழற்றினால் சர்க்யூட் போர்டின் ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு. லென்ஸ் மாட்டும் வாயில் அரிசிக்குருணையும் தவிட்டுத்தூளும். ஷட்டர் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. மூக்கில் லேசாகக் கருவாட்டு வாடை. இந்த வாடை வந்தால் பெரும்பாலும் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிடலாம்.

சரி, அரிசியில் என்னதான் தப்பு? காய்ந்த அரிசி காற்றில் இருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேமராவை மேசைமேல் திறந்து வைத்து ஃபேன் போட்டால் அதைவிடச் சீக்கிரம் காயும். அரிசி தன் பங்குக்குத் தூசியையும் மாவையும் உள்ளே தள்ளுகிறது, அதுதான் மிச்சம். ஐபோனை அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் தன் உதவிப் பக்கத்தில் எழுதிவிட்டது. நான் சொன்னால் நம்பாதவர்கள் அதையாவது நம்புங்கள்.

ஆனால் எனக்கு உண்மையில் எரிச்சல் அரிசிமேல் இல்லை. "காஞ்சா சரியாயிரும்" என்கிற நினைப்பின்மேல். மழையில் நனைந்த கேமராவுக்கு அது ஓரளவு பொருந்தும். குற்றாலத்துச் சாரலில் நனைந்து வந்த எத்தனையோ கேமராக்கள் காய்ந்து, இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கடல் தண்ணீர் கதையே வேறு. ஒரு லிட்டர் கடல் நீரில் கிட்டத்தட்ட 35 கிராம் உப்பு இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் வருத்தம். கடல் தண்ணீரைப் பாத்தி கட்டிக் காயவிட்டால் என்ன கிடைக்கும்? ஊரே அதை வைத்துத்தானே பிழைக்கிறது! கேமராவுக்குள்ளும் அதேதான் விளைகிறது. நீங்கள் அரிசிக்குள் வைத்திருந்த அந்த மூன்று நாளும் உள்ளே உப்பு வாரியிருக்கிறீர்கள்.

அந்த உப்பும் சும்மா கிடக்காது. அதில் கலந்திருக்கிற மெக்னீசியம் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி நசநசவென்றே இருக்கும். மழைக்காலத்தில் அடுப்படியில் கல் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். போர்டு அப்படித்தான் கசியும். அதோடு பேட்டரியும் உள்ளே இருந்தால் கேட்கவே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் மின்முலாம் பூசுவது படித்திருப்பீர்களே, அதுதான், தலைகீழாக.

அதனால் கடல் தண்ணீர் பட்டதும் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கேமராவை ஆஃப் பண்ணுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், கார்டை எடுங்கள். லென்ஸைக் கழற்றித் தனியாக வையுங்கள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்பக்கம் முழுக்கத் துடைத்துவிட்டு, அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலையிலாவது சர்வீஸுக்குக் கொண்டு வாருங்கள். ஈரத்தோடு வந்தால் ரொம்ப நல்லது. உப்பு இறுகுவதற்குள் போர்டைக் கழுவ எனக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கும். "வேலை செய்யுதான்னு ஒரே ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்த்தேன்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பேச வாய் வராது. அந்த ஒரே தடவைதான் பல போர்டுகளைக் கொன்றிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள். தலைமுடி காயவைக்கிற டிரையரை நீட்டாதீர்கள், அந்தச் சூட்டில் உள்ளே பசை இளகும். வெயிலில் வைக்காதீர்கள்.

போன் விஷயம் கொஞ்சம் வேறு. தண்ணீர் தாங்கும் என்பதற்கு அடையாளமாக ஐபி68 என்று போட்டிருக்கிற போனில் கடல் தண்ணீர் தெறித்தால், சுவிட்சை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவலாம். ஆனால் அந்த 68 என்பது புதுப் போனை, நல்ல தண்ணீரில், ஆய்வுக்கூடத்தில் முக்கிப் பார்த்து வாங்கிய எண். இரண்டு தடவை கீழே விழுந்து, ஒரு தடவை டிஸ்ப்ளே மாற்றிய போனுக்கு அது செல்லாது. தண்ணீர் போய்க் கெட்டால் சாதாரண வாரண்டியிலும் வராது. மழை, தூசி புகாது என்று கேமராக்காரர்கள் சொல்கிற 'வெதர் சீல்' அதைவிட மோசம். பெரும்பாலும் அதற்கு எண்கூடக் கிடையாது, விளம்பர வார்த்தை மட்டும்தான்.

"நான் தண்ணிப் பக்கமே போகலையே அண்ணாச்சி" என்பார்கள் இன்னும் சிலர். கண்ணாடி போட்டவர்களைக் கேளுங்கள். உவரியில் கப்பல் மாதா கோவில் முன்னால் அரை மணி நேரம் நின்றால் கண்ணாடியில் மங்கலாக ஒரு படலம் படியும். நாக்கை வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும். கடலோர வீடுகளில் ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் தாங்குகிறது என்று அங்கே கிரில் அடிக்கிறவரிடம் விசாரியுங்கள். அதே காற்றில்தான் நீங்கள் லென்ஸை மாற்றுகிறீர்கள், கேமராவின் வாயைக் காற்று வரும் திசைக்கே காட்டிக்கொண்டு.

இதில் உப்பைவிட வேகமாக வேலையைக் காட்டுவது மணல். உவரியிலிருந்து பெரியதாழை வரைக்கும் கரையில் கிடக்கிற செம்மணலில் கார்னெட் என்கிற கடினமான கனிமம் கலந்திருக்கிறது. அந்தக் கார்னெட்டை வைத்து உப்புத்தாள் செய்கிறார்கள், இரும்பையே அறுக்கிறார்கள். அது ஒட்டிய லென்ஸை வேட்டி நுனியால், துப்பட்டாவால், டீஷர்ட்டால் தேய்க்கிறீர்கள். உப்புத்தாளால் தேய்க்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ரப்பர் ஊதியால் ஊதித் தள்ளுங்கள். (வாயால் ஊதாதீர்கள், எச்சில்தான் தெறிக்கும்.) பிறகு மென்மையான பிரஷ். கடைசியாகத்தான் துணி, அதுவும் லேசாக ஈரப்படுத்தி.

ஆனி, ஆடியில் தேரிக்கு, அதாவது செம்மணல் மேட்டுக்கு, போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குதிரைமொழித் தேரியில் சிவப்பு மணல் படம் அற்புதமாக வரும், நானே எடுத்திருக்கிறேன். ஆனால் அந்த மாதங்களில் கணவாய்க் காற்று அடிக்கும்போது மணல் கணுக்கால் உயரத்துக்குப் புகை மாதிரி ஓடும். அங்கே ஜூம் லென்ஸை முன்னும் பின்னும் இழுத்தால், ஒவ்வோர் இழுப்புக்கும் மணலை உள்ளே உறிஞ்சும், சைக்கிள் பம்பு மாதிரி. திருப்பும்போது கரகரவென்று சத்தம் கேட்டால் அதற்குமேல் திருப்ப வேண்டாம். ஒரே லென்ஸை மாட்டிக்கொண்டு போங்கள், மாற்ற வேண்டுமென்றால் காருக்குள் போய் மாற்றுங்கள். குலசேகரன்பட்டினம் (குலசை) தசராவுக்கும் இதுதான். சூரசம்ஹார ராத்திரியில் கடற்கரைக் கூட்டம் கிளப்புகிற மணல் ஒரு தேரிக்குச் சமம், போதாததற்குக் குங்குமம் வேறு.

உப்பளத்துக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். காலை வெளிச்சத்தில் அம்பாரமாகக் குவித்த உப்பு எவ்வளவு அழகு என்று எனக்கும் தெரியும். ஆனால் உப்பு இறங்குகிற பாத்தியில் கிடப்பது கடல் தண்ணீரைவிட ஏழெட்டு மடங்கு உப்பு. டிரைபாடை அதில் ஊன்றினால் கால் பூட்டு அடுத்த மாதம் திறக்காது. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு காலையும் முழுசாக நீட்டி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இன்னொன்று, எனக்குச் சம்பந்தமில்லாதது என்றாலும் சொல்கிறேன். அங்கே வேலை செய்கிற அக்காமார் அந்த வெள்ளை வெளிச்சத்தில் நாள் முழுக்கக் கண் கூசி நிற்கிறார்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள், வரப்பையும் மிதித்து உடைக்காதீர்கள்.

டிரோனைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். கடலில் விழுந்த டிரோனை என்னிடம் கொண்டு வர வேண்டாம் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

திருச்செந்தூரில் ஏ.சி. அறையிலிருந்து விடியற்காலையில் நேராகக் கடற்கரைக்கு ஓடி, லென்ஸ் பனி பூத்துவிட்டது என்று துடைத்துக்கொண்டே சூரியனைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. கேமராவைப் பையை விட்டு எடுக்காமல் அரை மணி நேரம் முன்னாலேயே வெளியே கொண்டுவந்து வையுங்கள், தானாகச் சரியாகும். கோவிலுக்குள் போன் கொண்டுபோகத் தடை இருக்கிறது, அங்கே போய்ச் சண்டை போட வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் லென்ஸுக்குள் ஃபங்கஸ் (பூஞ்சை) பிடித்த கேஸ் வரிசையில் நிற்கும். பீரோவில், துணிகளுக்கு நடுவில், அந்துருண்டையோடு வைத்த லென்ஸ்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் கால் கிலோ, போதும். நிறம் மாறினால் வெறும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். அந்த வாணலியில் அப்புறம் சமைக்காதீர்கள், என் வீட்டில் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம், சர்வீஸ் கடையில் பொய் சொல்லாதீர்கள். "தானா ஆஃப் ஆயிட்டு" என்றால் நான் தேட வேண்டியது வேறு இடத்தில். போர்டில் வெள்ளைப் பொருக்கைப் பார்த்ததும் எப்படியும் தெரியத்தான் போகிறது. அதற்குள் இரண்டு நாள் போயிருக்கும். திட்டுவேன், அவ்வளவுதானே? முதலிலேயே சொல்லிவிட்டு அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. அதற்காகவே போர்டை இரண்டு தடவை ஆல்கஹாலில் கழுவிப் பார்த்தேன். எழவில்லை. ஷட்டர், போர்டு இரண்டும் மாற்றினால் பழைய கேமரா ஒன்றே வாங்கிவிடலாம் என்று சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"கார்டு மட்டும் பார்ப்பீங்களா அண்ணாச்சி? பொண்ணு வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க."

கார்டின் முனைகளைத் துடைத்து ரீடரில் போட்டேன். படங்கள் எல்லாம் இருந்தன. ஆலயம், பாறை, ஜோடி. கடைசிப் படத்தில் அடிவானம் சாய்ந்து கிடந்தது. பாதிக்குமேல் நுரை. ஓரத்தில் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார், அலை வருவது அவருக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை.