பண்டிகை நாளில் ‘ஸாவ் 8’ வந்தால்: வீட்டில் இருப்பவர் கவனிக்க வேண்டியவை

இஸ்ரேலில் கட்டாய ராணுவச் சேவை முடித்தவர்களை ரிசர்வ் படைக்குத் திரும்ப அழைக்கலாம். நெருக்கடியில் முன்னறிவிப்பே இல்லாமல் அழைக்கும் உத்தரவுதான் ‘ஸாவ் 8’. 2023 அக்டோபர் 7 சனிக்கிழமை, சிம்ஹாத் தோரா என்ற யூதப் பண்டிகை. மத விதிப்படி பண்டிகை நாளில் போனைத் தொடாத வீடுகளில் இருந்தும் அன்று ஆட்கள் கிளம்பினார்கள். உயிர் காக்கும் வேலை என்றால் மத விதியே வழிவிடும். பின்னணி இவ்வளவு போதும்.

கணவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். சம்பளத்துக்கு அலைவது மனைவி.

அழைப்பு உத்தரவைக் காட்டினால் பணம் வராது. எத்தனை நாள் பணி செய்தார் என்று ராணுவம் சான்று தரும் 3010 படிவம் வேண்டும். ராணுவத்தின் ரிசர்வ் இணையதளத்தில் அவருடைய கணக்கு திறக்கிறதா என்பதை இன்றே, அவர் வீட்டில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் ஒன்றும் வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் “சம்பந்தப்பட்டவரே வரட்டும்” என்பார்கள். அவர் எல்லையில் இருப்பதால்தானே நீங்கள் வந்து நிற்கிறீர்கள்!

ரிசர்வ் நாள்களுக்கான பணத்தைத் தருவது தேசியக் காப்பீடு என்ற அரசு நிறுவனம். “தேசியக் காப்பீட்டில் இருந்து பணம் வரட்டும், அப்புறம் தருகிறோம்” என்று முதலாளி சொன்னால் ஏற்காதீர்கள். 3010 கைக்கு வந்ததும் வழக்கமான சம்பள நாளில் முதலாளியே கொடுத்துவிட்டு, பிறகு காப்பீட்டில் வாங்கிக்கொள்ள வேண்டும். பொதுவாக முந்தைய 3 மாத மொத்தச் சம்பளத்தை 90ஆல் வகுத்து ஒரு நாள் தொகை போடுகிறார்கள். காப்பீடு தரும் தொகை வழக்கமான சம்பளத்தைவிடக் கூடுதலாக வந்தால் அந்த மிச்சமும் ஊழியருக்கே சேரும். இதைச் சொல்லாமல் அமுக்கிவிடுகிற கம்பெனிகள் உண்டு, கேட்டு வாங்குங்கள். சொந்தத் தொழில் என்றால் இடையில் முதலாளி இல்லை, காப்பீட்டோடு நேரடிக் கணக்குதான்.

பண்டிகைக் காலத்துக்கே உரிய மோசடி ஒன்று உண்டு. சுக்கோத் என்ற யூதப் பண்டிகை வாரத்தில் கம்பெனியையே மூடிவிட்டு எல்லாருடைய ஆண்டு விடுப்பிலும் கழிப்பார்கள். அந்த வாரம் ரிசர்வ் பணியில் இருந்தவருக்குக் கழிக்கக் கூடாது. 1951ஆம் ஆண்டின் விடுப்புச் சட்டப்படி அது விடுப்பே அல்ல. சம்பளச் சீட்டில் விடுப்பு இருப்பைப் பாருங்கள். யாரும் பார்ப்பதில்லை என்ற தைரியத்தில்தான் கழிக்கிறார்கள்.

பணிக் காலத்திலும், இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து பணி செய்தவரை அது முடிந்து 30 நாள் வரையிலும், பாதுகாப்பு அமைச்சகக் குழுவின் அனுமதி இல்லாமல் வேலையை விட்டு நீக்க முடியாது. அதனால்தான் “நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள்” என்று நைசாகக் கேட்பார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள்.

மனைவியின் வேலைக்கும் ஒரு வார்த்தை. பொதுமக்கள் பாதுகாப்பைக் கவனிக்கும் ராணுவப் பிரிவான உள்நாட்டுப் பாதுகாப்புப் படைப்பிரிவு பள்ளியை மூடச் சொல்லி, 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நீங்கள் வீட்டில் இருந்தால், நெருக்கடி காலத்தில் ஊழியரைக் காக்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்காக உங்களை நீக்கக் கூடாது. ஆனால் அந்த நாள்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. “கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம்” என்று மேலாளர் வாயால் சொன்னால் போதாது. சம்பளம் உண்டா இல்லையா என்று அன்றைக்கே எழுத்தில் பதில் வாங்குங்கள்.