களியக்காவிளையைத் தாண்டிக் கடை எடுக்கும்முன்

மார்த்தாண்டத்தில் நன்றாக ஓடும் கடைக்கு, களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்தின் பாறசாலையில் ஒரு கிளை. பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஆனால் ஜிஎஸ்டி கணக்கில் அது வேறு மாநிலம், வேறு ஆள். பான் எண் ஒன்றே என்றாலும் கேரளத்துக்குத் தனிப் பதிவு வேண்டும். இங்கே எண் 33-இல் தொடங்கும், அங்கே 32-இல்.

வாடகை ஒப்பந்தத்தில் பழக்கதோஷத்தில் 33 எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். கட்டிடம் எந்த மாநிலத்திலோ, வாடகை மீதான வரியும் அந்த மாநிலத்துக்குத்தான். 18,000 ரூபாய் வாடகைக்கு 18 சதவீதம், 3,240. அதைத் தமிழ்நாட்டுப் பதிவில் வரவு எடுக்க, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, முடியாது. வருடத்துக்கு 38,880 ரூபாய் வீண். உரிமையாளருக்கு ஜிஎஸ்டி பதிவே இல்லையென்றாலும் நிம்மதி கிடையாது: 2024 அக்டோபர் 10 முதல், பதிவுள்ள வாடகைதாரரே அந்த வரியை ரிவர்ஸ் சார்ஜில் ரொக்கமாகக் கட்ட வேண்டும். காம்போசிஷனில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் சிறு வணிகர் திட்டம்) இருப்பவர்களுக்கு மட்டும் 2025 ஜனவரி 16 முதல் இதிலிருந்து விலக்கு.

அந்த விலக்கை நம்பி காம்போசிஷன்காரர்கள் எல்லை தாண்டினால் அடி வேறு பக்கம் விழும். மார்த்தாண்டம் குடோனிலிருந்து பாறசாலைக் கிளைக்குச் சரக்கு அனுப்புவதே மாநிலம் விட்டு மாநிலம் செய்யும் விற்பனையாகக் கருதப்படும். காம்போசிஷனில் அதற்கு இடமில்லை. அட்வான்ஸ் கொடுக்கும்முன் ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

இனி கடைமுறி, அதாவது கடை அறை. உரிமையாளர் 400 சதுர அடி, அடிக்கு 45 ரூபாய் என்பார். டேப் வைத்து உள்சுவருக்கு உள்சுவர் அளந்தால் 12-க்கு 27, அதாவது 324 சதுர அடி. நீங்கள் உண்மையில் கொடுப்பது அடிக்கு 55 ரூபாய்க்கு மேல். பின்சுவரின் அடியில் உப்புப் பூத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் அரிசி மூட்டையோ துணிக் கட்டோ அந்த இடத்தில் இருக்க முடியாது. வெயில் காலத்தில் புது பெயின்ட் அடித்துக் காட்டினால் இரட்டைக் கவனம்.

பஞ்சாயத்துக் கட்டிட வரி ரசீதில் கட்டிட எண்ணையும் உபயோக வகையையும் பாருங்கள். முன்னால் ஷட்டர் இருந்தாலும் பதிவேட்டில் வீடு என்றிருந்தால் லைசென்ஸ் எடுப்பதில் சிக்கல் வரலாம். கரண்ட் பில்லில் வணிகக் கட்டணமா, எத்தனை கிலோவாட் என்பதும் முக்கியம்.

11 மாத ஒப்பந்தம் பெட்டிக்கடைக்குப் போதும். லட்சக்கணக்கில் உள்வேலை செய்கிறவர் ஐந்து வருடத்துக்கு எழுதி, பதிவும் செய்ய வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவாகவில்லையென்றால் அந்தக் காலவரம்பை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது. வாடகைச்சீட்டு மலையாளத்தில் இருந்தால், ஒவ்வொரு வரியையும் தமிழில் எழுதி வாங்கிய பிறகே கையெழுத்து.

கேரளத்தின் 1965 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலில் உள்ள இடங்களில், தகுந்த காரணமின்றித் தொடர்ந்து ஆறு மாதம் கடையைப் பூட்டி வைத்தால் அதுவே காலி செய்யச் சொல்லப் போதுமான காரணம். உரிமையாளர் சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுவதும் அப்படித்தான். மச்சானிடம் கடையை ஒப்படைத்து அவர் பேரில் பில் போட்டால் உள்வாடகை என்று வழக்கு வரும். அதற்கான சம்மதத்தை முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

கண்ணாடிக் கதவு, ஏசி, ரேக் யாருடையவை என்று ஒரு பட்டியலையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் பொருத்தியதைக் கழற்றிக்கொள்ளும் உரிமை, இடம் உங்கள் கைவசம் இருக்கும்வரைதான். கழற்றியபின் சாவியைக் கொடுங்கள்.