ஸீரோ டே: தமிழில் என்ன சொல்வது?

மலாயில் 'கோசோங்' என்றால் வெறுமை. கோலாலம்பூர் மாமாக் கடையில் 'தே ஓ கோசோங்' கேட்டால் வெறும் கோப்பை வராது, சர்க்கரை போடாத தேநீர் வரும். 'ஸீரோ டே'யில் வரும் ஸீரோவும் அந்தக் கோசோங் மாதிரிதான். ஏதோ ஒன்று இல்லை என்கிறது. இல்லாதது, மென்பொருளைச் செய்தவருக்கு அதிலுள்ள பாதுகாப்பு ஓட்டையை அடைக்கக் கிடைத்திருக்க வேண்டிய நாள். ஓட்டையை அடைக்கும் திருத்தமான 'பேட்ச்' வருவதற்கு முன்பே தாக்குதல் தொடங்கிவிட்டால் அது ஸீரோ டே.

சொல் பிறந்தது பாதுகாப்புத் துறையில் அல்ல, திருட்டு மென்பொருள் கும்பல்களிடம். கடைக்கு வந்த அன்றே பூட்டை உடைத்துக் கைமாற்றிய மென்பொருள்தான் அவர்களுக்கு 'ஸீரோ டே' சரக்கு. வெளியாகி எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணிய சொல், பாதுகாப்புத் துறைக்கு வந்ததும் அடைப்பதற்கு எத்தனை நாள் கிடைத்தது என்று எண்ணத் தொடங்கியது.

'சுழிய நாள்', 'பூஜ்ஜிய நாள்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரி, படிப்பவருக்குத்தான் ஒன்றும் விளங்காது. கடனுக்குச் சொல்கிறோமே 'கெடு', அதை எடுத்துக்கொள்ளலாம்: கெடுவில்லா ஓட்டை. பேட்ச் வந்தும் போடாமல் கிடப்பதை 'என் டே' (N-day) என்பார்கள். அது கெடு ஓடும் ஓட்டை. ஓட்டையைப் பயன்படுத்தித் தாக்கும் 'எக்ஸ்ப்ளாய்ட்' என்பதைச் 'சுரண்டல்' என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். சுரண்டப்பட்டது தோட்டத் தொழிலாளியின் கூலி. ஓட்டை வழியாக நடப்பது ஊடுருவல்.

செய்திகளில் எல்லாமே ஸீரோ டே ஆகிவிடுகிறது. சாதாரண நிறுவனத்தைக் கவிழ்ப்பதோ பெரும்பாலும் இரண்டாவது வகையான என் டே. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது 2017 மே 12-இல். பேட்ச் வந்தது மார்ச் 14-இல். கெடு 59 நாள். இணையதளங்களை நடத்தும் மென்பொருளான ட்ரூபல் 7-க்கு அதுகூட இல்லை. 2014 அக்டோபர் 15-இல் ஓட்டையும் பேட்ச்சும் பற்றிய அறிவிப்பு வந்தபோது மலேசியாவில் நள்ளிரவு 12. ஏழு மணி நேரத்துக்குள் பேட்ச் போடாத தளம் எதுவும் உடைக்கப்பட்டதாகவே கருதுங்கள் என்று ட்ரூபல் குழுவே பின்னர் சொன்னது. அதாவது நம் ஊரில் காலை 7 மணி.

இந்த வேகத்துக்கு வழிகாட்டியே பேட்ச்தான். பழைய நிரலையும் புதியதையும் அருகருகே வைத்தால் ட்ரூபலில் மாறியிருந்தது ஒரே வரி. வெளியிலிருந்து வரும் பட்டியலில் ஒவ்வொரு மதிப்பையும் அடையாளம் காட்டும் சாவிப்பெயர்கள், தரவுத்தளத்துக்கு இடும் எஸ்க்யூஎல் கட்டளைக்குள் அப்படியே போய்க்கொண்டிருந்தன. புதிய வரி அவற்றை 0, 1, 2 என்று வெறும் எண்களாக்கியது. அடைத்த இடம் தெரிந்தால் ஓட்டை எங்கே என்று தேடவா வேண்டும்? தாக்க ஆள் தேடுவதும் எளிது. 2013-இல் வந்த ஸீமேப் என்ற தேடல் கருவி, ஒரு ஜிகாபிட் இணைப்பில் ஐபிவி4 இணைய முகவரிகள் அத்தனையிலும் ஒரு போர்ட்டை (கணினியின் இணைய வாசலை) 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை விடும் பேட்ச் நமக்குப் புதன் அதிகாலை 1 மணிக்கோ 2 மணிக்கோ வருகிறது. 9 மணிக்கு அலுவலகம் திறப்பதற்குள் ஏழெட்டு மணி நேரம் போயிருக்கும். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பது இந்த வேலைக்கு நன்றாகவே பொருந்துகிறது. விபிஎன், மின்னஞ்சல் சர்வர், இணையதளம் என்று வெளியே முகம் காட்டுபவற்றுக்கு முதலில் போடுங்கள். மேசைக் கணினிகள் அடுத்து. சோதித்துப் பார்க்க அவகாசம் வேண்டுமென்றால், அதுவரை அந்தப் போர்ட்டை ஃபயர்வாலில் மூடிவையுங்கள்.

கெடு தாண்டிப் போட்ட பேட்ச் ஓட்டையை மட்டும்தான் அடைக்கும். உள்ளே வந்தவனை வெளியேற்றாது. ட்ரூபல் விவகாரத்தில் சிலர் உள்ளே நுழைந்ததும் தாங்களே பேட்ச் போட்டார்கள், போட்டிக்கு இன்னொருவன் வரக்கூடாதென்று. நீங்கள் போடாத பேட்ச் தளத்தில் இருந்தால் நிம்மதி வேண்டாம். அக்டோபர் 15-க்கு முந்தைய பேக்கப்பை எடுங்கள் என்றுதான் அப்போதும் சொன்னார்கள்.